ஆண்பிள்ளைகளைப் பெற்றவளின் மேல்வீடு

இரத்தினேஸ்வரி ஒரு வீட்டில் இருந்துகொண்டே இன்னொரு வீட்டில் குடியிருப்பாள். பாலையூற்றில் அவளுடைய மேல்வீட்டில், கீழ்த்தட்டுக் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருப்பாள். கை மீனில் இருக்கும், மனம் அந்தக் குசினியின் மேற்குச் சுவரை இடித்து ஜன்னல் வைத்துக்கொண்டிருக்கும். அறுபது வயதாகிறது. முழங்கால் இரண்டும் நோகிறது. படி ஏறாதே, பாரம் தள்ளாதே என்று டொக்டர் சொல்கிறார். அதெல்லாம் அவளுக்கு ஒரு காதால் வாங்கி மற்றக் காதால் விடுகிற கதை. காலையில் ஹோலில் இருக்கிற அலுமாரியை அறைக்குத் தள்ளுவாள். மத்தியானம் சோறு தின்றுவிட்டு வந்து பார்ப்பாள், சரிவரவில்லை, திரும்ப ஹோலுக்குத் தள்ளுவாள். அந்த அலுமாரிக்கு வாய் இருந்திருந்தால் எப்போதோ பொலிசில் முறைப்பாடு கொடுத்திருக்கும்.

"ஒரு இடத்தில சும்மா இருங்கோவன் அம்மா," என்பான் இளைய மகன் கிருஷாந்தன். துறைமுகத்தில் கப்பல் இழுக்கிற படகொன்றின் இயந்திர அறையில் அவனுக்கு வேலை. நாள் முழுக்க இரைச்சலுக்குள் நின்றுவிட்டு வருகிறவன், வீட்டிலாவது அமைதி தேடுவான்.

"சும்மா இருக்க என்னால ஏலாது தம்பி," என்பாள் அவள்.

அது பொய்யில்லை. பிறவிக் குணம். ஆனால் இந்த வருடம் அந்தரம் இரட்டிப்பாகிவிட்டது. கிருஷாந்தனுக்கு முப்பது பிறக்கப் போகிறது, கலியாணப் பேச்சு தொடங்கியாயிற்று. இந்தக் கரையில் கலியாணம் என்றால் பெண் வீடு விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் போவான். பெண்ணுக்குத் தாய் தகப்பன் ஒரு வீடு கட்டி அவள் பேரில் எழுதி வைத்திருப்பார்கள். மாப்பிள்ளை ஒரு பையோடு அந்த வீட்டுக்குப் போய்ச் சேருவான். மூத்தவன் பிரகலாதன் அப்படித்தான் வெருகலுக்குப் போய்விட்டான். இவனும் போனால், மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை, நடுவில் இரத்தினேஸ்வரி தனியே.  இவனை விடக்கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே யோசனை.

அவளுடைய வீட்டு விசர் எங்கே தொடங்கியது என்று கேட்டால் சல்லி என்கிற கடற்கரைக் கிராமத்துக்குத்தான் போக வேண்டும். அங்கேதான் பிறந்தாள். சல்லியில் ஒருவனுக்குப் பெண்குழந்தை பிறந்தால் அன்றே அவன் தலையில் ஒரு வீடும் ஏறிவிடும். கடலில் வலை போட்டு எடுத்ததில் பாதி வயிற்றுக்கு, பாதி கல்லுக்கும் ஓட்டுக்கும். தாய் இருக்கிற வீடு மூத்த பெண்ணுக்குப் போகும். அடுத்தவளுக்குப் பக்கத்தில் ஒன்று எழும்பும். எல்லாவற்றையும் கொடுத்து முடித்த தாயும் தகப்பனும் கடைசிப் பெண்ணின் வீட்டில், பின்பக்கத்தில் சாய்ப்பாக ஒரு பத்தி இறக்கிக்கொண்டு காலத்தைக் கழிப்பார்கள். அதை யாரும் குறையாக நினைப்பதில்லை. அது அப்படித்தான்.

பத்து வயதில் அவள் தாயோடு கருவாடு விற்கப் பட்டணத்துக்குப் போனபோது ஒரு வீட்டில் முதன்முதலாகப் படிக்கட்டைக் கண்டாள். வீட்டுக்குள்ளேயே படிக்கட்டு. அவள் வயதுப் பிள்ளை ஒன்று நடுப்படியில் இருந்து மாம்பழம் தின்றுகொண்டிருந்தது. "மேல என்ன இருக்கு?" என்று இரத்தினேஸ்வரி கேட்டாள். "மேலயும் வீடுதான்," என்றது அது, கொட்டையைச் சூப்பிக்கொண்டே. வீட்டுக்கு மேலே வீடா? அன்றைக்கு வீடு திரும்பினதுமே தனக்கு வரப்போகிற வீட்டில் படி வேண்டும் என்று தகப்பனிடம் நின்ற நிலையில் கேட்டாள். "ஏணி ஒண்டு வைச்சுத் தாறன், ஏறிக் கூரையில இரு," என்றார் அவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவள் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

கலியாணத்துக்கு அவளுக்கு வந்த வீட்டுக்குப் படியும் இல்லை, பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு அறை, ஓட்டுக் கூரை, வெளியே தென்னோலைக் கிடுகால் வேய்ந்த குசினி. ஊருக்குள் அது நல்ல வீடுதான். இராசதுரை என்கிற கடற்தொழிலாளி மாப்பிள்ளையாக ஒரு பையும் ஒரு வலையுமாக வந்து சேர்ந்தான். குடிபுகுந்த அன்று பால் பொங்கி வழியும்போதே இரத்தினேஸ்வரி குசினியை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டாள், மனதுக்குள்தான். மழைக்குச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடாத குசினி, புகை போக ஒரு வழி. பிறகு பின்னால் ஒரு அறையைச் சேர்த்தாள். பிறகு முன்னால் ஒரு விறாந்தை. இராசதுரை மாலையில் தின்ற கையைக் கழுவிக்கொண்டு, "இண்டைக்கு எத்தினை அறை வரையும் வந்திட்டாய்?" என்று கேட்பான். அவள் கூச்சம் இல்லாமல் கணக்குச் சொல்வாள். அந்த மனிசன் நல்லவன். கடைசி வரைக்கும் அவளைப் பைத்தியம் என்று சொன்னதில்லை, நினைத்திருப்பான்.

பிறகு சண்டை வந்து ஊர் கிளம்பியது. பட்டணத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நாலு குடும்பம், சேலைதான் சுவர். பிரகலாதன் அப்போது கைக்குழந்தை. அங்கே இருந்த காலம் முழுக்க இரத்தினேஸ்வரியின் வீடு சுருங்கிச் சுருங்கி ஒரு கதவாக வந்து நின்றது. உள்ளே இருந்து கொளுவி போடக்கூடிய ஒரு கதவு. அதற்குப் பின்னால் சுவர் இருக்கிறதா, கூரை இருக்கிறதா என்றுகூட அவள் யோசிக்கவில்லை. உடுப்பு மாற்ற வேண்டும், பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டும், அழ வேண்டும். எல்லாவற்றுக்கும் அந்தக் கதவு ஒன்று போதும் என்று இருந்தது.

அந்தப் பள்ளிக்கூட முகாமில் பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார்கள். கட்டி வைத்த வீடெல்லாம் போய்விட்டது, இனி எந்தக் காலத்தில் எதைக் கட்டி இதுகளைக் கரைசேர்ப்பது என்று. இரத்தினேஸ்வரியின் மடியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். "உனக்கென்ன, பெடியன். தப்பியிட்டாய். இனி நீ கட்டிறது கடைசி மட்டும் உனக்குத்தான்." அந்தச் சொல் அவளுக்குள் போய் ஒட்டிக்கொண்டது. அடுத்ததும் பெடியனாகவே பிறந்தபோது ஊரே சொன்னது, அவளும் நம்பினாள். கட்டுகிற வீடு தன் வீடு. எடுத்துக் கொடுக்கத் தேவையில்லை. ஒரு பத்திக்குள் போய்ப் படுக்கத் தேவையில்லை. இதில் ஒரு ஓட்டை இருக்கிறது என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை. வீடு மிஞ்சும், பிள்ளை மிஞ்சமாட்டான் என்பதை யாரும் எடுத்துச் சொல்லவும் இல்லை.

சல்லிக்குத் திரும்பிப் போய், கூரை இல்லாத சுவருக்குக் கூரை போட்டு, ஒரு மாதிரி நிமிர்ந்த நேரத்தில் சுனாமி வந்தது. ஆட்கள் தப்பினார்கள். வீடும் படகும் போய்விட்டன. இராசதுரை அதோடு கடலுக்குப் போவதை விட்டான். துறைமுகத்துப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் காவல் வேலை கிடைத்தது. பாலையூற்றில் ஒரு உதவி நிறுவனம் இரண்டு அறை வீடொன்று கட்டித் தந்தது. நல்லவர்கள், யாரோ எங்கேயோ இருந்து படம் கீறி அனுப்பியிருந்தார்கள். குசினிக்கும் கக்கூசுக்கும் ஒரே சுவர். வீட்டுத் திறப்பைக் கையில் வாங்கிய கிழமையே இரத்தினேஸ்வரி சுத்தியலை எடுத்துக்கொண்டு அந்தச் சுவருக்கு முன்னால் போய் நின்றாள்.

இப்போது அவள் மனதில் எழும்பியது மேல்வீடு. சின்ன வயதில் ஆசைக்குக் கேட்ட படிக்கட்டுக்கு இப்போது நியாயமும் கிடைத்துவிட்டது. இனித் தண்ணீர் வந்தால் ஏறி நிற்க ஒரு இடம் வேண்டாமா? மேலே இரண்டு அறை, ஒன்று மூத்தவனுக்கு, ஒன்று இளையவனுக்கு. ஒவ்வொன்றுக்கும் தனிக் குளியலறை, வருகிற பெண்கள் முகம் சுளிக்காமல் இருக்க.

"ஆம்பிளைப் பிள்ளையளுக்கு ஆரும் மேல்வீடு கட்டுவினமோ?" என்று இராசதுரை கேட்டான். "அவங்கள் போற ஆக்கள்."

"என்ர பிள்ளையள் போகமாட்டினம்."

"போகாமல்? காலைக் கட்டி வைச்சிருப்பியோ?"

"வாறவளுக்கு இதைவிட நல்ல வீடு இருந்தாத்தானே கூட்டிக்கொண்டு போவாள். இதைப்போல ஒரு வீட்டை விட்டிட்டு ஆர் போவினம்?"

 இராசதுரையே அப்படி ஒரு பையோடு வந்தவன். தான் விட்டு வந்த தாயின் வீடு எவ்வளவு நல்ல வீடு என்று அவனுக்குத் தெரியும்.

பிரகலாதன் கத்தாரில் வேலை செய்த காலத்தில் அனுப்பியதில் கொங்கிறீட் விழுந்தது, படி எழும்பியது. ஒவ்வொரு படியையும் அவள் மேசனோடு சண்டை பிடித்துத்தான் வைத்தாள். கடைசிப் படி முடிந்த அன்று ஏறினாள், இறங்கினாள், திரும்ப ஏறினாள். மேசன்மார் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோசம் சொல்லி முடியாது. ஆனால் அந்த மனம் இருக்கிறதே, அது அங்கேயும் நிற்கவில்லை. அடுத்த வாரமே படி வலப்பக்கம் வந்திருந்தால் ஹோல் பெரிதாக இருந்திருக்கும் என்று தொடங்கிவிட்டாள்.

பிரகலாதன் திரும்பி வந்தான், வெருகலில் சம்மந்தம் முற்றாயிற்று, போனான். மேலே அவனுக்கென்று கட்டிய அறையில் அவன் மொத்தமாக ஒரு மாதம் படுத்திருப்பானோ என்னவோ. பெண்ணின் பேரில் அங்கே வீடும் இருந்தது, வயலும் இருந்தது. இரத்தினேஸ்வரி ஒருமுறை போய்ப் பார்த்தாள். மழை தூறியது. குடை எங்கே என்று யாரோ கேட்டார்கள். "குசினிக் கதவுக்குப் பின்னால," என்றான் பிரகலாதன், தலையைத் திருப்பாமல். அதுதான் அவளுக்குத் தைத்தது. அவளுடைய வீட்டில் இருந்தவரை தன் துவாய் எங்கே என்று தெரியாமல் "அம்மா, அம்மா" என்று கத்தினவன். மூன்று நாள் நிற்கிறேன் என்று போனவள் அடுத்த நாள் பஸ்ஸிலேயே திரும்பிவிட்டாள். வயல் காற்று ஒத்துவரவில்லை என்று சொன்னாள்.

கொரோனாவுக்கு முந்தின வருடம் இராசதுரை நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தான். அதன்பிறகு அவளும் கிருஷாந்தனும்தான்.

அவனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கியபோது தரகரிடம் அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். பெண் இங்கே வந்து இருக்க வேண்டும். தரகர் வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "அப்ப பெட்டையின்ர வீட்டில ஆர் இருக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

உப்புவெளியில் இருந்து ஒரு பெண்ணின் தாய் வந்தாள். படி ஏறிப் பார்த்தாள், குளியலறைக் குழாயைத் திறந்து பார்த்தாள், ஒவ்வொன்றையும் மனம் விட்டுப் புகழ்ந்தாள். இரத்தினேஸ்வரிக்குத் தலை ஒரு சாண் நிமிர்ந்துவிட்டது. கீழே வந்து தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு அந்தப் பெண்மணி சொன்னாள், "வடிவான வீடு. எங்கட பிள்ளையின்ர வீடும் பூச்சு முடியிற கட்டம். கலியாணம் முடிஞ்சால் நீங்கள் இதை வாடகைக்கு விடலாம், என்ன? தனிய இவ்வளவு பெரிய வீட்டில இருந்து என்ன செய்யப் போறியள்?" இரத்தினேஸ்வரி கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனவள், அவர்கள் போகும் மட்டும் வெளியே வரவில்லை.

இன்னொரு பெண் நேராகவே சொல்லிவிட்டாள். "அம்மாவை விட்டிட்டு வர என்னால ஏலாது மாமி." அவளை என்னவென்று ஏசுவது? இருபது வயதில் இரத்தினேஸ்வரியைக் கேட்டிருந்தால் அவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

கிருஷாந்தனைக் கேட்டால், "எனக்கு எங்க எண்டாலும் சரி அம்மா," என்றான். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். இந்த ஊரில் ஆண்பிள்ளைகளுக்குத் தலைக்குள் வீடு என்று ஒன்று கிடையாது. அது பெண்ணோடு சேர்ந்து வரும் என்று விட்டுவிடுவார்கள். ஆயுள் முழுக்க நாலைந்து வீட்டைத் தலைக்குள் சுமந்து திரிந்தவளுக்கு அது விளங்கவே இல்லை.

ஒருநாள் படியைக் கழுவிக்கொண்டு இருக்கும்போதுதான் அந்த யோசனை வந்தது. தேய்த்துக்கொண்டிருந்த தும்புத்தடியோடு அப்படியே நடுப்படியில் இருந்துவிட்டாள். மாப்பிள்ளை போவது தாயின் வீட்டை விட்டு, பெண்ணின் பேரில் இருக்கிற வீட்டுக்கு. சரி. பெண்ணின் பேரில் இந்த வீடே இருந்தால்? அவன் எங்கே போவான்? போகிற வீடும் இதுதான், இருக்கிற வீடும் இதுதான். முறையும் பிசகாது, பிள்ளையும் போகமாட்டான். இவ்வளவு காலமும் இது ஏன் தோன்றவில்லை என்று தன்னையே ஏசிக்கொண்டாள்.

வீடு இல்லாத பெண்ணைத் தேடுவது கஷ்டமா? நிலாவெளியில் அன்னலட்சுமி என்கிற விதவைக்கு இரண்டு பெண்கள். இருந்த வீடு மூத்தவள் ஜெயரூபிக்குப் போய்விட்டது. இளையவள் தர்சிகாவுக்குத் தகப்பன் அத்திவாரம் போட்டார், அதற்குமேல் ஒரு கல் வைக்க முன்னம் கண்ணை மூடிவிட்டார். அந்த அத்திவாரத்துக்குள் இப்போது எருக்கலை முளைத்து நிற்கிறது. தர்சிகா ஒரு ஹொட்டேலில் வரவேற்பு வேலை செய்கிறாள். நல்ல பிள்ளை, படித்த பிள்ளை, ஆனால் வீடு இல்லை என்று வந்த சம்மந்தம் எல்லாம் வாசலோடு திரும்பிப் போயிருந்தன.

இரத்தினேஸ்வரி தரகரைக்கூடக் கூட்டிக்கொண்டு போகவில்லை. தனியே பஸ் ஏறிப் போய் ஜெயரூபியின் விறாந்தையில் ஒரு கதிரையில் இருந்துகொண்டு விசயத்தைச் சொன்னாள்.

"வீட்டைப் பிள்ளையின்ர பேரில எழுதித் தாறன் தங்கச்சி. நீங்கள் ஒண்டும் தரத் தேவையில்லை. பிள்ளை வந்து அங்க இருந்தால் காணும்."

 "சீதனம் கேட்டு வந்த ஆக்களைக் கண்டிருக்கிறன் அக்கா. குடுக்க வந்த ஆளை இப்பதான் காணுறன்," என்றாள் அன்னலட்சுமி. பிறகு குரல் கொஞ்சம் இறுகியது. "எங்களைப் பார்த்து இரக்கப்பட்டு வந்தனீங்களோ?"

"இரக்கமோ? என்ர சுயநலத்துக்கு வந்தனான்," என்றாள் இரத்தினேஸ்வரி. "எனக்கு என்ர பெடியன் என்ர கண்ணுக்கு முன்னால இருக்க வேணும். வேற ஒண்டும் இல்லை."

அந்தப் பதில் அன்னலட்சுமிக்குப் பிடித்துவிட்டது. அதிலும் உண்மையைச் சொன்னதுதான் பிடித்தது. தேத்தண்ணி வந்தது, வடை வந்தது. கதவோரம் நின்ற தர்சிகாதான் ஒரு கேள்வி கேட்டாள்.

"எழுதின பிறகு நீங்கள் எங்க இருப்பியள் மாமி?"

"உதென்ன கேள்வி பிள்ளை? அங்கதான்," என்றாள் இரத்தினேஸ்வரி சிரித்துக்கொண்டு. தர்சிகா சிரிக்கவில்லை.

வெருகலில் இருந்து பிரகலாதன் போனில் கத்தினான். "உங்களுக்கு என்ன விசரே அம்மா? எனக்கு அந்த வீடு வேண்டாம், அது வேற கதை. உங்களுக்கு வேண்டாமே?"

"நான் அதுக்குள்ளதானே ராசா இருக்கப் போறன்," என்றாள்.

வீட்டுப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசும் கேட்டார். உறுதி எழுதுவதற்கு முன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "சீவிய உரித்து வைச்சு எழுதட்டோ அம்மா?" என்றார். "நீங்கள் உயிரோட இருக்கிற வரைக்கும் வீடு உங்கட அனுபவத்தில இருக்கும். எல்லாரும் அப்படித்தான் எழுதிறவை." இரத்தினேஸ்வரிக்குக் கோபம் வந்துவிட்டது. சல்லியில் அவளுடைய தாய் அப்படியா கொடுத்தாள்? ஒரு காலை உள்ளே வைத்துக்கொண்டு கொடுத்தால் அது சீதனமா? நாளைக்கு ஊர் என்ன சொல்லும், பெண்ணுக்கு வீடு இல்லை, மாமியின் வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லும். அந்தக் கதையைக் கேட்டு அன்னலட்சுமி ரோசப்பட்டு இருவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டால்? "முழுசா எழுதுங்கோ," என்றாள். அங்கேயே ஒப்பம் வைத்தாள்.

கலியாணம் நன்றாக நடந்தது. மணமக்கள் மேலே போனார்கள். காலையில் கிருஷாந்தன் படியால் தடதடவென்று இறங்கி வருகிற சத்தத்தைக் கேட்டு அவள் குசினியில் தனியே சிரித்தாள். அந்த முதல் மாதங்கள் அவளுடைய ஆயுளிலேயே நல்ல மாதங்கள். தர்சிகா மரியாதையான பிள்ளை, மாமி மாமி என்று ஒட்டிக்கொண்டாள். வென்றுவிட்டேன் பார் என்று இராசதுரையின் படத்துக்கு முன்னால் நின்று ஒருநாள் சொல்லிக்கூட விட்டாள்.

தர்சிகாவுக்கு வயிற்றில் தங்கியது. வாந்தி நிற்கவில்லை. அன்னலட்சுமி ஒரு சூட்கேசோடு வந்தாள். நிலாவெளியில் ஜெயரூபியின் பெண்களும் வளர்ந்துவிட்டார்கள், அறை காணாது. பிள்ளைப்பேறு முடியும் மட்டும் நிற்பாள் என்று இரத்தினேஸ்வரி நினைத்தாள். பின்னால் ஒரு ஓட்டோவில் அன்னலட்சுமியின் தையல் மெசினும் பூச்சட்டிகளும் வந்து இறங்கியபோதுதான் அவளுக்கு உறைத்தது. கடைசி மகளின் வீட்டில்தான் தாய் இருப்பாள். இதை அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, அவளே அந்த முறையில் வளர்ந்தவள்தான். ஆனால் எல்லாக் கணக்கும் போட்டவள் இந்தக் கணக்கைப் போடவில்லை. மகளின் வீட்டுக்குத் தாய் வர யாரிடமாவது கேட்க வேண்டுமா என்ன? அன்னலட்சுமியும் கேட்கவில்லை. அதில் ஒரு பிழையும் இல்லை, அதுதான் பெரிய தொல்லை.

அன்னலட்சுமி கெட்டவளாக இருந்திருந்தால் ஒரு சண்டையோடு மனம் ஆறியிருக்கும். அவள் தங்கமான மனுசி. முழங்காலுக்கு எண்ணெய் காய்ச்சித் தந்தாள். விடிய எழும்பி எல்லாருக்கும் சமைத்தாள். "மாமியின்ர சொதி மாதிரி ஒருத்தரும் வைக்கமாட்டினம்," என்று கிருஷாந்தன் மூன்றாம் தரம் ஊற்றிக்கொண்டான். அடுப்பு மற்றப் பக்கத்துக்குப் போனது. உப்புப் போத்தல் எங்கே என்று இரத்தினேஸ்வரி தேட வேண்டியிருந்தது. ஒருநாள் பழக்க தோசத்தில் அலுமாரியில் கை வைத்துத் தள்ளினாள். தர்சிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"பாரம் தள்ளாதேங்கோ மாமி. எங்க வைக்க வேணும் எண்டு சொல்லுங்கோ, நான் அம்மாட்டையும் ஒருக்காக் கேட்டிட்டு மாத்திவிடுறன்."

எவ்வளவு பணிவாகச் சொன்னாள். இரத்தினேஸ்வரி கையை எடுத்துவிட்டாள். "வேண்டாம் பிள்ளை, உதிலயே நிக்கட்டும்," என்றாள்.

அதன்பிறகு அவள் வீட்டில் தங்குவது குறைந்தது. வெள்ளிக்கிழமைகளில் சல்லி அம்மன் கோயிலுக்குப் போனாள். மற்ற நாட்களில் சந்தைக்குப் போனாள், ஒன்றும் வாங்காமல் வந்தாள். துறைமுகத்துப் பக்கம் பஸ்ஸில் போய் இறங்கி, அடுத்த பஸ்ஸில் ஏறித் திரும்பினாள். பஸ்ஸில் இருக்கும்போது முன்னைப்போல ஒரு வீட்டை நினைத்துப் பார்க்க முயன்றாள். எங்கே வாசல் வைப்பது, எங்கே ஜன்னல் வைப்பது. ஒன்றும் எழும்பவில்லை. முகாமில்கூட ஒரு கதவு வந்தது. இப்போது அதுவும் வரவில்லை. அது அவளுக்குப் பயமாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் இருந்து வந்தபோது மத்தியானம். பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை, முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தது. கிருஷாந்தன் வேலை முறை மாறி வீட்டில் இருந்தான். குசினி மேசையில் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், பக்கத்தில் தர்சிகா, அன்னலட்சுமி அகப்பையோடு நின்று பரிமாறினாள். மூன்று பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். மேசைக்கு மூன்று கதிரை. நாலாவது ஹோலில் தையல் மெசினுக்குப் போயிருந்தது. இரத்தினேஸ்வரி கையில் பிரசாதப் பொட்டலத்தோடு குசினி வாசலில் நின்றாள். உள்ளே போவதா, அறைக்குப் போவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.  மகன் கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும் என்று கேட்டாள். இதோ இருக்கிறான், கண்ணுக்கு முன்னால்தான்.

அன்னலட்சுமிதான் முதலில் கண்டாள். அகப்பையை வைத்துவிட்டு, தனக்கென்று இழுத்துப் போட்டிருந்த கதிரையைத் தன் சேலைத் தலைப்பால் ஒருமுறை துடைத்தாள். முகம் நிறையச் சிரிப்பு.

"ஏன் மச்சாள் வாசல்ல நிக்கிறியள்? உள்ளுக்கு வாங்கோ, வந்து இருங்கோ. ஒண்டுக்கும் கூச்சப்படாதேங்கோ, உங்கட வீடு மாதிரி நினைச்சுக்கொள்ளுங்கோ."

தர்சிகாவின் கை சோற்றில் அப்படியே நின்றது. அவள் மாமியைப் பார்த்தாள், பிறகு தாயைப் பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். கிருஷாந்தன் ஒன்றையும் கவனிக்கவில்லை. மீன் முள்ளை எடுத்துச் சோற்றுக் கோப்பை ஓரத்தில் வைத்துவிட்டு, "ஓம் அம்மா, வாங்கோவன், சொதி ஆறுது," என்றான்.

"ஓம்," என்றாள் இரத்தினேஸ்வரி. உள்ளே போய் அந்தக் கதிரையில் இருந்தாள். அன்னலட்சுமி கோப்பையில் சோறு போட்டுக்கொண்டு வந்து அவளுக்கு முன்னால் வைத்தாள்.